விசிறிப் பெட்டிக்குள் ஒரு கப்பல்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்ற எல்லா இடத்திலும் அவர் ‘அப்புறம்’தான். அவர் வேலை பார்க்கும் பல் செட்டு லேபுக்குப் போன் அடித்து, “அப்புறம் இருக்காரா?” என்று யாராவது கேட்டால், “அப்புறம் இப்பதான் வெளிய போனாரு, அப்புறமா வருவாரு” என்று பதில் போகும். கேட்டவருக்கும் குழப்பமில்லை, சொன்னவருக்கும் சிரிப்பில்லை. அவ்வளவு பழகிவிட்டது.

இத்தனைக்கும் வேலையில் மனிதர் ஒரு நாள்கூட அப்புறம் என்று சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றால் செவ்வாய்க்கிழமை அந்தக் கடைவாய்ப்பல் பஞ்சில் சுற்றித் தயாராக இருக்கும். அந்த வார்த்தை பிறந்தது வீட்டில், பெட்டிகளுக்கு நடுவில்.

பெட்டி என்றால் மாடல் பெட்டி. திறந்தால் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் உள்ளங்கையளவில் ஒரு விமானமோ முழங்கை நீளத்தில் ஒரு கப்பலோ கிடைக்கும். அப்புறம் இவற்றை வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மூடியைத் திறப்பார், ஒவ்வொரு சட்டத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மோந்தும் பார்ப்பார். பிறகு எடுத்த மாதிரியே அடுக்கி மூடிவிடுவார். “ஒட்டலையா?” என்று கேட்டால், “அப்புறம் ஒட்டிக்கலாம்.”

ஒன்றைக்கூட முடித்ததில்லை என்று சொன்னால் பாவம். கல்யாணத்துக்கு முன் ஒரு சின்ன விமானத்தை முடித்தார். சக்கரத்தை மட்டும் அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டதில், அது இன்றுவரை டி.வி.க்குப் பக்கத்தில் வயிற்றால் படுத்துக் கிடக்கிறது.

சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. பயம். பல் சரியாக வரவில்லை என்றால் அச்சு இருக்கிறது, இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம். மாடலில் ஒரு பசைத்துளி வழிந்தால் வழிந்ததுதான். பெட்டிக்குள் இருக்கும்வரை கப்பல் கப்பல். கத்தி பட்ட நிமிஷத்திலிருந்து அது அப்புறம் செய்த கப்பல். அந்தப் பொறுப்பை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். வேர்த்த கையோடு கத்தி பிடிக்க முடியாது. ஆகவே அந்தக் கையால் இன்னொரு பெட்டி வாங்குவார். வாங்கக் கை வேர்க்கலாம், தப்பில்லை.

இதற்குத் தூபம் போட ஒரு கூட்டமே இருந்தது. எல்லாரும் அவரைப் போலவே வாங்குகிறவர்கள். எந்தப் பெட்டி எங்கே வந்திருக்கிறது என்று போனில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வார்கள். “கடைசிப் பீஸ் சார். இப்ப விட்டா அப்புறம் கெடைக்காது.” ஒட்டுவதற்கு ஒரு அப்புறம் உண்டு, வாங்குவதற்கு இல்லை. இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் மொத்த தத்துவம்.

அவர் மனைவி துணி திருத்துகிறவள். தொளதொளச் சட்டையைப் பிடித்துத் தைப்பது, பாவாடை விளிம்பை இறக்குவது, தொப்பை போட்டவர்களின் கால்சட்டைக்கு மூச்சு விட இடம் கொடுப்பது. முன்னறையில் தையல் மெஷின். ஊரார் பாதியில் விட்டதையெல்லாம் முடித்துக் கொடுப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. கட்டிக்கொண்டதோ இப்படி ஒருவரை.

போன வருஷம் ஒரு மத்தியானம் அலமாரியின் மேல்தட்டு பெட்டிகளின் பாரம் தாங்காமல் இறங்கிவிட்டது. சாதாரணமாக இறங்கவில்லை. இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்த வாடிக்கையாளரின் கோட்டுமேல், ஒரு விமானப் படையே இறங்கியது. அவள் மெஷினை நிறுத்தினாள். கோட்டை உதறினாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கிழிந்த இடத்தை மடித்துப் பிடித்தபடியே சொன்னாள்:

“இனிமே இந்த வீட்டுக்குள்ள புதுசா ஒரு பெட்டி வந்துச்சுன்னா, பெட்டி இருக்கட்டும். நான் கெளம்பறேன்.”

அப்புறம் சத்தியம் செய்தார். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடுவதில்லை என்று, படுத்துக் கிடந்த விமானத்தின்மேல் கைவைத்துச் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா? உதட்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நாள் முழுக்க வாய்களின் அச்சைப் பார்த்தே சோறு தின்கிறவர், அந்த ஒரு வாயைப் படிக்க முடியாமல் போனார். வாய் நிறையக் குண்டூசி. சிரிப்பா, கடுப்பா? கேட்டுவிடலாம்தான். விளையாட்டுக்கு என்று சொன்னால் நல்லது. நிஜமாகத்தான் என்று சொல்லிவிட்டால்?

ஏனென்றால் அதற்குள் ஒரு பெட்டி வந்துவிட்டிருந்தது.

பிறகு இன்னும் சில. மனிதர் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வாரண்டி முடியும்வரை பெட்டியைத் தூக்கிப் போடக் கூடாது என்று எந்த வீட்டிலும் காலிப் பெட்டிகள் பரண்மேல் இருக்கும். இஸ்திரிப் பெட்டி வந்த பெட்டி, குக்கர் வந்த பெட்டி. அவற்றுக்குள் மாடலை இறக்கி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? அவரது லேப் புத்தி இங்கேதான் வேலை செய்தது. பிளாஸ்டிக் கனமே இருக்காது, தூக்கினால் சந்தேகம் வரும். ஆகவே லேபில் கழித்துப் போட்ட பல் அச்சுகளை, பிளாஸ்டர் மாவில் வார்த்த அந்த மேல்தாடை கீழ்தாடைகளை, துணியில் சுற்றி அடியில் வைத்தார். குக்கர் பெட்டி குக்கர் கனம் கனத்தது. மேலே டேப்பை ஒரு சுருக்கமில்லாமல், நூல் பிடித்த மாதிரி ஒட்டினார்.

போன மாதம் வந்தது கப்பல். பயணிகள் கப்பல், நாலு புகைபோக்கி, ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாக ஜன்னல். தயாரித்த கம்பெனியே நிறுத்திவிட்ட ரகம். வருஷக்கணக்காக அவர் தேடிய கப்பல். அதை மேசை விசிறியின் காலிப் பெட்டிக்குள் இறக்கினார்.

வீட்டில் விசிறி இரண்டு. தள்ளுபடியில் ஒன்றாக வாங்கியவை. ஒன்று முன்னறையில் ஓடுகிறது. மற்றது பிரிக்காமல் பரண்மேல், யாருக்காவது கொடுக்க ஆகும் என்று.

அந்த யாராவது வந்தே விட்டார்கள். மனைவியின் அக்கா வேறு வீடு மாறினாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அப்புறம் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, மனைவி வண்ணத்தாள் சுற்றிய பெட்டியோடு தயாராக நின்றாள். பஸ்ஸில் அதை அவர் மடியிலேயே வைத்தாள். வளைவில் பஸ் திரும்பியதும் பெட்டிக்குள் ஏதோ உருண்டது. லொடக் என்றது.

பல் கடித்துக்கொள்ளும் சத்தம் உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

“இது... எந்தப் பெட்டி?” என்றார்.

“ஃபேன் பெட்டிதான். ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல டேப்பெல்லாம் காஞ்சு உரிஞ்சு அழுக்கா இருந்துச்சு, அது பழசு. இது எவ்வளவு நறுவிசா ஒட்டியிருக்கு பாருங்க. கம்பெனிக்காரன் ஒட்டினதுன்னு பாத்ததும் தெரியுது.”

அவ்வளவுதான். அவருடைய சுத்தமே அவருக்கு வேட்டு வைத்துவிட்டது. இறங்கும் இடம் வரும்வரை பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறந்த மாதிரி பஸ்ஸிலேயே விட்டுவிடலாமா? கப்பல் போய்விடும். கையில் கொண்டுபோனால் மனைவி போய்விடுவாள். இரண்டில் எது என்று முடிவு செய்யக்கூடத் தெரியாத தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

சகலை, அதாவது அந்த அக்காவின் புருஷன், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவன் ஓட்டும்போது பிரேக் போட்டே பழகியவர். எதையும் யோசிக்கிற பழக்கம் கிடையாது, கை காலெல்லாம் தானாகவே பாயும்.

“வாங்க சகலை! என்ன, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி அணைச்சுத் தூக்கிட்டு வர்றீங்க? குடுங்க.”

“இல்ல சகலை, இதுல ஒரு சின்னப் பிரச்சனை. கம்பெனியில ஏதோ கோளாறாம், எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கிறாங்களாம். நான் அப்புறம் மாத்தி...”

“கோளாறா? இங்கயே போட்டுப் பாத்துரலாம். ப்ளக் இருக்கு.” அதற்குள் வண்ணத்தாள் கிழிந்துவிட்டது.

டேப்பை உரித்தார். கையை விட்டார். முதலில் வெளியே வந்தது ஒரு மேல்தாடை. துணி நழுவி, முன்பல் இரண்டு நீண்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்து இளித்தது. பின்னாலேயே கீழ்தாடையும் வந்தது.

அக்கா ஒரு அடி பின்வாங்கினாள்.

“ஏங்க,” என்றாள் அக்கா மெதுவாக, “இது யாரோட வாய்?”

“விசிறி கடிக்கும்போலிருக்கு,” என்றார் சகலை. மறுபடி கையை விட்டு, பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு பெட்டியை உருவினார். மூடியில் கப்பல், நீலக் கடல், நாலு புகைபோக்கியிலும் புகை. “அட! கப்பல் பொம்மை! சகலை, எனக்கா? சின்ன வயசுலேர்ந்து ஆசைய்யா எனக்கு!”

அப்புறமோ திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவள் கப்பலைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த டேப்பை எடுத்து, அதன் நேரான ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தையல்காரிக்கு ஒட்டுப் போட்ட கை எது என்று கண்டுபிடிக்கவா தெரியாது? இருந்தாலும் அவருக்கு ஒரு வழி பாக்கி இருந்தது. கப்பல் சத்தியத்துக்கு முன்னால் வாங்கியது என்று அவள் நினைத்துக்கொள்ளக்கூடும். அலமாரியிலிருந்த ஒன்றை எடுத்து இதில் வைத்தேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அந்த நேரம் பார்த்துச் சகலை சட்டத்திலிருந்து கப்பலின் பாதி உடம்பை விரலால் முறுக்கி ஒடித்தார். படக். இந்தத் தொழில் தெரிந்தவர்கள் நகவெட்டி மாதிரி ஒன்றை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்குவார்கள். இவர் முருங்கைக்காய் ஒடிப்பதுபோல ஒடித்தார். மற்றப் பாதியும் படக். அலமாரிப் பிடி ஒட்ட வாங்கி வைத்திருந்த உடனடிப் பசையை எடுத்து விளிம்பெல்லாம் பிதுக்கினார்.

“ரெண்டு பாதி. சேத்தா கப்பல். இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய புஸ்தகம் போட்டிருக்கான்?”

“சகலை, வேணாம்! உள்ள தளம் வெக்காம ஒட்டினா அப்புறம் வெக்கவே முடியாது! எடுங்க கையை! வருஷக்கணக்கா தேடிப் போன மாசந்தான்யா கெடைச்சுது அது!”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

பசை பிடித்துக்கொண்டது. சகலை பெருமையாக உயர்த்திக் காட்டினார். கோணல் முனையோடு, வழிந்த பசை மூக்கொழுகிய மாதிரி நிற்க, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு கப்பல். ஆனாலும் கப்பல்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அவர் மனைவி. பிறகு அக்காவிடம், “ஃபேன் வேற இருக்குக்கா. அடுத்த வாரம் தர்றேன். இது அவரோட விளையாட்டு.”

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில், மடியில் இரண்டு தாடைகளோடு. கப்பல் பொம்மை வேண்டும் என்ற சகலை பற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் வெளியே பார்த்தபடியே இருந்தாள். எந்த நிறுத்தத்தில் எழுந்திருப்பாள், எழுந்தால் எங்கே போவாள்? அம்மா வீட்டுக்குப் போகும் பஸ் எந்த இடத்தில் பிரியும் என்று அவர் மனது தானாகக் கணக்குப் போட்டது. கடைசியில் தாங்க முடியாமல் ஆரம்பித்தார்.

“அது... ஒண்ணு மட்டும்தான்...”

அவள் திரும்பினாள். “அப்புறம்?”

இத்தனை வருஷம் அவர் சாக்காகச் சொன்ன வார்த்தை. அவள் வாயிலிருந்து வந்தபோது அதற்குக் கொக்கி முளைத்திருந்தது.

“குக்கர் பெட்டியில ஒரு விமானம்.”

“அப்புறம்?”

“இஸ்திரி பெட்டியில... சின்னதுதான். ரெண்டு.”

“அப்புறம்?”

“உன் பழைய சூட்கேஸ். அடிப்பக்கம்.”

“அப்புறம்?”

“லேப்ல கொஞ்சம். என் மேசைக்கடியில. அவ்வளவுதான். சத்தியமா... இல்ல, சத்தியம் வேணாம். அவ்வளவுதான்.”

அம்மா வீட்டுக்குப் பிரியும் நிறுத்தம் வந்தது. பஸ் நின்றது. அவருக்கு மூச்சு நின்றது. அவள் கைப்பையைத் திறந்தாள், கைக்குட்டையை எடுத்தாள், மூக்கைத் துடைத்தாள், மூடினாள். பஸ் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பரணுக்கு ஏணி போட்டாள். குக்கர் பெட்டியை இறக்கி, சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கத்தரிக்கோலால் டேப்பை ஒரே இழுப்பில் வெட்டினாள். பக்கத்தில் அவரது நறுக்குக் குறடும் பசையும் வந்து உட்கார்ந்தன.

“ம். ஒட்டுங்க.”

“இப்பவா? கை வேர்க்குது.”

“துடைச்சுக்கோங்க.” துண்டு ஒன்று பறந்து வந்து தோளில் விழுந்தது. அவள் மெஷினில் போய் உட்கார்ந்து, யாருடையதோ கால்சட்டையை எடுத்து விளிம்பை மடித்தாள்.

அவர் முதல் துண்டை நறுக்கினார். ஓரம் லேசாகச் சிதைந்தது. உலகம் இடிந்துவிடவில்லை. இரண்டாவதை எடுத்தார். சகலையின் மூக்கொழுகிய கப்பல் கண்ணுக்குள் வந்துபோனது. இறக்கையின் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டபோது, அடக்கி வைத்திருந்த கேள்வி தன்னால் வெளியே வந்துவிட்டது.

“ஏம்மா... அன்னிக்கு நீ சொன்னியே, பெட்டி வந்தா கெளம்பறேன்னு. அது விளையாட்டுக்கா? நெஜமாவா?”

மெஷின் நின்றது. அவர் சட்டென்று நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்தார். வாய் நிறையக் குண்டூசி.

“அப்புறம் சொல்றேன்,” என்றாள்.