அத்தை கட்டிய வயிற்றுத்துணி

பெண்களுக்குக் கர்ப்பப்பை ஏன் கீழே இறங்குகிறது என்று தீவு முழுக்கச் சுற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு வெள்ளைக்கார டாக்டர் துரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். செமின் கிரனியே என்கிற சின்ன டவுனுக்குப் பக்கத்தில், கரும்புக்கு நடுவில் கிடக்கிற ஊர் எங்களுடையது. ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "துரைக்கு வேற சோலியே கிடைக்கலியா?" என்று என் மாமனார் வெற்றிலையைத் துப்பினார். துப்பட்டும். அவருக்கென்ன தெரியும்?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இறங்கியிருந்தது. மகன் பிறந்து கொஞ்ச நாளில் கரும்புச் சுமையைத் தலையில் ஏற்றியபோது அடியில் ஏதோ நழுவி வெளியே வந்தது. பதறிப்போய்க் கையால் உள்ளே தள்ளிவிட்டு மறுபடி சுமையைத் தூக்கினேன். புருஷனுக்குத் தெரிந்தால் வேறொருத்தியைக் கொண்டுவந்து விடுவானோ என்று பயம். ஊரிலேயே எனக்கு மட்டும்தான் இப்படி, ஏதோ சாமி குற்றம் என்று நினைத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மன் கோயிலில் அழுதேன்.

துரைக்குப் பிரெஞ்சும், தீவில் எல்லோரும் பேசுகிற கிரியோலும்தான் வரும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கோ தமிழை விட்டால் கிரியோலில் ஏசத்தான் தெரியும். என் அப்பா ஒரு தோட்டத் துரை வீட்டில் சமையல்காரர், நான் கிரியோல் பேசி வளர்ந்தவள். அதனால் என்னைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். வகுப்பறையில் கட்டிய திரைக்கு வெளியே டாக்டர். உள்ளே அவரோடு வந்த நர்ஸ் அம்மாவும் நானும். எல்லோரும் போன பிறகு நர்ஸ் அம்மாவிடம் என் சங்கதியை மெல்லச் சொல்லிவிடலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

முதலில் வந்தவள் கடைக்காரர் மனைவி. தெருவே அதிரப் பேசுகிறவள், என் காதோடு வந்து, "இறங்கியிருக்குடி. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து பூசாரியின் மனைவி. அவளுக்கும் அதேதான். அதற்கடுத்து வந்தவள் என்னோடு தினம் ஆற்றில் துணி துவைக்கிறவள். "எனக்கு மட்டும்தான் இப்படி ஆயிடுச்சு" என்று அவள் விம்மினாள். அடக் கடவுளே, இத்தனை பேருமா?

கடைசியாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்தவர் என் மாமியார்.

ஊரில் யாருக்குப் பிரசவமானாலும் வயிற்றுக்குத் துணி கட்ட அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். பழைய வேட்டியை மடித்துச் சுற்றி, முழங்காலை ஊன்றி இழுப்பார். நமக்கு மூச்சு முட்டும். அத்தை கட்டினால் சீக்கிரமே கரும்பு வெட்டுக்குப் போகலாம் என்று பேர். கூலிக்கு ஆள் வைக்க முடியாத எங்களைப் போன்ற சின்ன நிலக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? அத்தைக்கும் அதில் அத்தனை பெருமை.

"எனக்கும் இறங்கித்தான் இருக்கு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "மூத்தவனைப் பெத்ததிலேருந்து. அதான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கிறேன்."

மூத்தவன் என்றால் என் புருஷன். எப்படியோ கிரியோலில் சொல்லி முடித்தேன். திரைக்கு வெளியிலிருந்து துரை நிதானமாகப் பதில் சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"சொல்லுடி!"

சொன்னேன். "மேலே இறுக்கினா எல்லாம் கீழேதான் தள்ளுமாம். பச்சை உடம்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு, அதோட சுமையும் தூக்கினா இப்படித்தான் ஆகுமாம். இன்னிக்கு வந்த எல்லாரும் அப்படித்தான் செஞ்சிருக்காங்களாம்."

அத்தை வெளியே பெஞ்சில் இன்னும் உட்கார்ந்திருந்த பெண்களைத் திரை இடுக்கு வழியாக ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். எல்லோரும் அவர் கையால் துணி கட்டிக்கொண்டவர்கள். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கும் நான்தானேடி கட்டினேன்?"

"ஆமா அத்தை."

"உனக்கும்...?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அடிப்பாவி, ஏண்டி சொல்லல?" என்று அவர் அலற, "நீங்க சொன்னீங்களா?" என்று நானும் கத்திவிட்டேன். மாமியாரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நர்ஸ் அம்மா மிரண்டுபோனாள். அத்தை என் தோளைப் பிடித்துக் கட்டிலில் தள்ளி, "முதல்ல இவளைப் பாக்கச் சொல்லு" என்றார். அதையும் நானே மொழிபெயர்த்தேன்.

நர்ஸ் அம்மா எங்கள் இருவருக்கும் கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் வைத்து அனுப்பினாள்.

வீட்டு வாசலில் கரும்பு வண்டி நின்றது. போன வாரம் பிள்ளை பெற்ற என் கொழுந்தன் மனைவி, வயிற்றில் துணிக்கட்டோடு, வண்டியில் ஏற்றச் சுமையைத் தூக்கக் குனிந்துகொண்டிருந்தாள். அத்தை ஓடினார். அவளைச் சுவரோடு நிறுத்தி, காலையில் தானே போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"வண்டி நிக்குது, என்ன கூத்து இது?" என்று மாமனார் கத்தினார்.

அவிழ்த்த துணியை அவர் காலடியில் எறிந்தார் அத்தை. "நீங்க கட்டிக்கிட்டுத் தூக்குங்க."