பாகம் பிரிக்காத மின்பலகை

யுத்த காலத்தில் என் கணவரும் அவருடைய அண்ணனும் வில்லியனூரில் இருந்த தங்கள் வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மாமனார் இறந்து வருஷம் திரும்புவதற்குள் ஆரம்பித்த சண்டை அது. ஏம்பலத்து நிலத்தில் எந்தப் பக்கம் யாருக்கு என்பதில் தொடங்கி, புதுச்சேரியில் பத்திரம் எழுதும் நொத்தேர் முன்னால் இருவரும் முகம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில் முடிந்தது. நிலம், மாடு, வண்டி, பித்தளை அண்டா எல்லாம் பிரிந்தன. வீட்டு முற்றத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு செங்கல் சுவர் எழுந்தது. தெருப் பக்கம் புதிதாக ஒரு வாசல் வைத்து நாங்கள் வலது பாதிக்குப் போனோம்.

மின்சாரத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. மாமனார் ஆசையாக வரவழைத்த மின்சாரம் அது. எங்கள் தெருவில் அப்போது வேறு யார் வீட்டிலும் கிடையாது. தெருக் கம்பத்திலிருந்து வந்த கம்பி பழைய வாசலின் ரேழியில்தான் இறங்கியது. அங்கே சுவரில் ஒரு தேக்குப் பலகை. அதில் இரும்புப் பெட்டிக்குள் மெயின் சுவிட்ச், அதன் கீழே வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ரேழி என் கணவரின் அண்ணன், அதாவது எனக்கு மூத்தார், பங்கில் போய்விட்டது. எங்கள் பாதிக்கான கம்பி அந்தப் பலகையிலிருந்து புறப்பட்டு, சுவரில் இட்ட ஓட்டை வழியாக, ஒரு மரச்சட்டத்துக்குள் ஒளிந்து எங்கள் கூடத்துக்கு வந்தது. தனி இணைப்பு கேட்டு என் கணவர் மனுக் கொடுத்தார். சாமான் கிடைப்பதில்லை, யுத்தம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் மூத்தார் பின்கட்டுக் கிணற்றில் ஒரு மோட்டார் வைத்தார். அதிலிருந்துதான் தொந்தரவு. மோட்டார் ஓட ஆரம்பித்தால் எங்கள் கூடத்து விளக்கு மங்கி, சோகை பிடித்தவள் முகம் மாதிரி வெளுத்துப்போகும். ஃபியூஸ் அடிக்கடி போகும். போனால் இரண்டு பாதியும் இருட்டு. மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்க வேண்டிய காலம். என் கணவர் வாயைத் திறந்து அண்ணனிடம் எதுவும் கேட்க மாட்டார். நடுச்சுவரை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். அந்தப் பக்கம் மூத்தார் முனகிக்கொண்டே எழுந்து போய் ஃபியூஸில் கம்பி கட்டுவார். விளக்கு வரும். அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஆடி முடிந்ததும் திடீரென்று ஃபியூஸ் போவது நின்றுவிட்டது. மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் விளக்கு அணையவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. தட்டும் ஓசை இல்லாத வீடு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வாடை வந்தது. மயிர் பொசுங்கினால் வருமே, அது போல. அடுப்பிலிருந்து வருகிறதோ என்று பார்த்தேன், இல்லை. கூடத்தில் சுவர் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றால்தான் தெரிந்தது. அந்த இடத்தில் மரச்சட்டம் கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். சோறு வடித்த பானையின் மேல்பக்கம் போல வெதுவெதுப்பாக இருந்தது.

“ஆள கூட்டியாந்து பாக்கச் சொல்லணுங்க,” என்றேன் கணவரிடம்.

“எங்க பாக்கறது? பலக அவன் வூட்டுல இருக்குது.”

“ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

“அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு ஊரு முன்னால சொல்லிட்டு வந்திருக்கேன். நீ வேற.”

மூத்தாரின் மனைவிக்கும் எனக்கும் தனியாகப் பகை கிடையாது. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பேசக் கூடாது என்று இருவருக்கும் உத்தரவு, அவ்வளவுதான். கோயில் பிரகாரத்தில் சுற்றி வரும்போது ஒரு நாள் பக்கத்தில் போய் விஷயத்தைச் சொன்னேன். கைக்குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டே அக்கா சொன்னாள்.

“எங்க பக்கமும் அந்த நாத்தம் வருது. நான் சொன்னா கேப்பாரா? உன் வூட்டுக்காரரு தூண்டி வுட்டாருன்னுதான் சொல்லுவாரு.”

ஆனாலும் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தாரின் குரல் எங்களுக்குக் கேட்கும்படியாகவே எழுந்தது. “ஆளு உள்ள வரட்டும். மெயின பாக்கட்டும். அப்புறம் அளவு எடுக்கட்டும். அப்புறம் இந்த ரேழியும் எனக்குத்தான்னு வந்து நிக்கட்டும்.”

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு அந்தச் சுவர் மேல்தான் கண். சமைக்கும்போதும் வாடை பிடித்துப் பார்ப்பேன். படுக்கப் போகும்முன் சட்டத்தைத் தொட்டுப் பார்ப்பேன். சில நாள் ஆறியிருக்கும். சில நாள் விரலை எடுக்கும்படி சுடும். பலகையோ என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அடுத்த வீட்டில் பாம்பு புகுந்ததைப் பார்த்துவிட்டு, கதவைத் தட்ட முடியாமல் நிற்பது போன்ற தவிப்பு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்ததில் பின்கட்டு முழுக்கத் தண்ணீர் தேங்கிவிட்டது. ஏம்பலத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டதாகச் செய்தி வந்து, மூத்தார் விடிந்ததும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது, பின்கட்டில் தேங்கிய தண்ணீரை இறைக்க மோட்டாரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். காலையிலிருந்து அதன் இரைச்சல் மழைச் சத்தத்தோடு கலந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம். என் கணவர் பாயில் சாய்ந்திருந்தார். கூடத்து விளக்கு மங்கியது, துடித்தது, மறுபடி பிரகாசமாகியது. சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரக் கடுகை எண்ணெயில் போட்டால் பொரியுமே, அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து மெல்லிசாகப் புகை எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

“எழுந்திருங்க. பலக எரியுது.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். புகையைப் பார்த்தார். “அவன் இல்லையே,” என்றார். அப்போதும் அதுதான் வந்தது அவர் வாயில்.

“அக்கா இருக்காங்க. கொழந்த இருக்குது.”

நான் காத்திருக்கவில்லை. மழையில் இறங்கி ஓடி அவர்கள் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் என்று முந்தின நாளே கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு கைகளாலும் தட்டினேன். வெகுநேரம் கழித்து ஒரு குரல் வந்தது.

“யாரு?”

“நான்தான்க்கா.”

“அவரு இல்ல. ஏம்பலம் போயிருக்காரு. அப்புறமா வா.”

“கதவ தெறங்கக்கா. ரேழிய பாருங்க. மெயின் பலக எரியுது.”

அவள் படுத்திருந்த அறைக்கு ரேழியைத் தவிர வேறு வழி கிடையாது. அறைக் கதவு திறக்கும் ஓசையும், உடனே இருமலும் கேட்டன. “ஐயோ, புகையா இருக்குது. இன்னாமா இது.” பலகைக்கு அடியில் குனிந்து ஓடிவந்து தாழ்ப்பாளை இழுத்தாள். மழையில் கதவு ஊறி உப்பிப்போய் தாழ் நகரவில்லை. உள்ளிருந்து அவள் இழுக்கிறாள், வெளியிலிருந்து நான் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறேன். அந்த இடைவெளியில் நான் நினைத்ததெல்லாம், இந்தக் கதவு ஒரு காலத்தில் என்னுடைய வாசல் கதவும்தானே என்பதுதான். தாழ் விலகியது.

பலகையின் கீழ் விளிம்பு தணல் மாதிரி சிவந்திருந்தது. ஒரு பீங்கான் கட்டை வெடித்து, அதிலிருந்து நீலப் பொறி துப்பிக்கொண்டிருந்தது. கூரை ஓட்டிலிருந்து ஒழுகிய மழைநீர் சுவரில் கோடாக வழிந்து பலகையின் மேல்பக்கம் வரை வந்துவிட்டது. அக்கா மூலையில் இருந்த குடத்தைத் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தண்ணி வேணாம்க்கா. தண்ணி ஊத்தக் கூடாதுன்னு பலக மாட்டும்போதே சொன்னாங்க இல்ல.”

“பின்ன இன்னா பண்றது?”

“அடுப்புச் சாம்பல அள்ளினு வாங்க. ஈரத்துல நிக்காதீங்க. உக்கார்ற மண மேல ஏறி நின்னுக்குங்க.”

அவள் அடுப்படிக்கு ஓடினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு அறைக்குள் போனேன். குழந்தை தூளியில் கண் விழித்துக் கிடந்தது, அழக்கூட இல்லை. முந்தானையால் அதை மூடி எடுத்துக்கொண்டு பலகைக்கு அடியில் வந்தபோது ஒரு பொறி என் தோளில் விழுந்தது. சேலை பொசுங்கும் வாடை மூக்கில் ஏறியது. நிற்காமல் தெருவுக்கு வந்தேன்.

என் கணவர் எங்கள் வாசலுக்கும் அண்ணன் வாசலுக்கும் நடுவில் மழையில் நின்றுகொண்டிருந்தார். குழந்தையை அவர் கையில் வைத்தேன். பாகம் பிரிந்த பிறகு பிறந்த குழந்தை அது. அதுவரை அவர் அதைத் தூக்கியதில்லை. முகத்தைப் பார்த்தார்.

“அண்ணி?”

“உள்ளதான் இருக்காங்க. மெயின அணைக்கணும். எனக்கு எட்டல.”

குழந்தையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் அந்தப் படியை ஏறினார்.

மீதியை வாசலில் நின்றபடிதான் பார்த்தேன். அவர் மணையை இழுத்துப் போட்டு அதன் மேல் நின்றார். அக்கா எங்கிருந்தோ காய்ந்த உலக்கையை எடுத்து வந்து நீட்டினாள். இரும்புப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த கைப்பிடியை உலக்கை நுனியால் கீழே அழுத்தினார். துருப்பிடித்துக் கிடந்தது, அசையவில்லை. ஓங்கி இடித்தார். பொறி கொட்டியது. அக்கா முறத்தில் சாம்பலோடு, மூச்சிரைக்க, காய்ச்சலில் கண் சிவந்து நின்றாள். மறுபடி இடித்தார். கைப்பிடி இறங்கியது.

பின்கட்டில் மோட்டார் நின்றது. காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த வீடு சட்டென்று அடங்கி, மழை மட்டும் கேட்டது. அக்கா சாம்பலை வீசினாள். தணல் கறுத்தது. பலகைக்கு நேர் மேலே கூரையைத் தாங்கிய பனங்கை ஒரு முழ நீளத்துக்குக் கரிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கூரை பிடித்திருக்கும்.

பொழுது சாயும்போது மூத்தார் முழங்கால் வரை சேற்றோடு வந்து இறங்கினார். தன் ரேழியில், கரி பிடித்த கையோடு, தம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று அக்கா தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கொழந்த?” என்றார்.

“எங்க வூட்டுல தூங்குது,” என்றார் என் கணவர்.

மூத்தார் அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மழை விட்டதும் புதுச்சேரியிலிருந்து மின்சாரக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். நடுவயது, சிடுசிடுத்த முகம். பலகையைக் கழற்றித் தரையில் வைத்து, வெடித்த ஃபியூஸ் கட்டையைப் பிரித்தார். உள்ளே நூல் மாதிரி இருக்க வேண்டிய கம்பிக்குப் பதிலாக, தடித்த செப்புக் கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது.

“யாரு போட்டது இத?”

“நான்தான்,” என்றார் மூத்தார். “கடையில ஃபியூஸ் கம்பி கெடைக்கல. அடிக்கடி போய்கினு இருந்துது.”

“போகட்டும்னுதாங்க அத வெக்கறது. அது போனா வூடு பொழைக்கும். அது போகலன்னா வூடு போகும். அடிக்கடி போச்சுன்னா ஆள கூப்புடணும். செவுரு சுட்டா, நாத்தம் வந்தா, மெயின அணைச்சிட்டு அன்னிக்கே கூப்புடணும். புதுசா மோட்டாரு வெச்சீங்களே, இந்தக் கம்பி தாங்குமான்னு யாரையாவது கேட்டீங்களா? பலக மேல தண்ணி ஒழுவுது, அதுவும் தெரியல.”

மூத்தார் அந்தச் செப்புக் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். என் கணவர்தான், “இப்ப இன்னா பண்ணணும், அத சொல்லுங்க,” என்றார். இருவருக்குமாக அவர் கேட்டது போலிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா என் தோளில் இருந்த தீப்புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். “ஒவ்வொரு தடவ நீங்க செவுர தட்டும்போதும் அவருக்கு மனசு கேக்காது. தம்பி இருட்டுல கெடக்கறான், அதுக்கு வழி பண்றேன்னு சொல்லித்தான் அந்தக் கம்பிய போட்டாரு. கோவத்துல போட்டாருன்னு நெனச்சிக்காத.” அன்பாகச் செய்த காரியம் எங்கள் எல்லோரையும் கொளுத்தப் பார்த்திருக்கிறது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரவு கணவரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பலகை ஒழுகாத இடத்துக்கு மாறியது. மோட்டாருக்குத் தனிக் கம்பி, எங்கள் பாதிக்குத் தனி ஃபியூஸ் என்று ஆனது. ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன்னால், அதே மின்சாரக்காரரை வரவழைத்துப் பலகையைத் திறந்து பார்க்கச் சொன்னோம். அந்த ஒரு நாள் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவர் திட்டுவதைக் கேட்டுக்கொள்வார்கள்.

யுத்தம் முடிந்து தனி இணைப்பு தர ஆள் வந்தபோது, வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார் மூத்தார். தனியாக இருப்பதுதான் வீட்டுக்குப் பத்திரம் என்றார் என் கணவர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வந்த ஆளை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, குரலை உயர்த்தி வெகுநேரம் வாதாடினார்கள். அக்காவும் நானும் உள்ளே மோர் கலக்கிக்கொண்டு, இந்தத் தடவை பயப்படாமல், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.