சமையல்காரருக்குப் பதிலாக நான்

சம்பந்தம் பேச வருகிறவர்களை வீட்டுக்கு அழைத்து, தட்டில் பலகாரம் வைத்து, சுவரிலே தொங்கும் படங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று விளக்குவதுதான் எங்களவர்களுடைய வழக்கம். எனக்கு அதில் நாட்டமில்லை. என் மகளுக்கு முப்பது வயது. கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையையும் அவளே தெரிவுசெய்துவிட்டாள். ஆனால் மாப்பிள்ளையின் தாயார் இன்னும் சம்மதம் தெரிவிக்கவில்லை. "ஆக்களைப் பாத்தாப் பிறகு சொல்லுறன்" என்று வின்டர்தூரிலிருந்து செய்தி அனுப்பியிருந்தார். ஆகவே, பார்க்கப்படவேண்டிய ஆள் நான் என்பதை உணர்ந்து, இடத்தை நானே தீர்மானித்தேன்.

எங்கள் ஆராவ் நகரத்துக்குப் பின்னாலுள்ள குன்றுகளில் ஒரு கிராமத்து உணவகம் இருக்கிறது. தாழ்ந்த மரக்கூரை, ஜன்னல்தோறும் சிவப்புப் பூச்சட்டிகள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் பன்றித் தோள் இறைச்சியை அடுப்பில் நான்கைந்து மணிநேரம் வாட்டி, தடித்த துண்டுகளாக அரிந்து, உருளைக்கிழங்கு மசியலின் நடுவே குளம்போல் ஒரு குழி செய்து, அதில் இறைச்சிச் சாற்றை நிரப்பிக் கொடுப்பார்கள். இந்தச் சுவிஸ் நாட்டில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்த குடும்பம் ஒன்று, விருந்தினரை எங்கே அழைத்துச் செல்லும் என்பதை அவர்கள் காணட்டும் என்பது என் எண்ணம்.

என்னைப் பற்றி அவர்கள் முன்னமே கேள்விப்பட்டிருந்தார்கள். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கர் ஒன்றுகூடல் ஒன்றில், பின்வரிசையில் சீட்டாடுவதற்கு முளைத்த கடதாசி மேசையை நான் அகற்றுவித்த செய்தி, எப்படியோ வின்டர்தூர்வரை போயிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் தொலைபேசியில் அதை மனந்திறந்து பாராட்டினார். "அண்ணை, உங்களைப்போல நாலு பேர் இருந்தாத்தான் எங்கட சனம் திருந்தும்" என்றார். நான் மறுக்கவில்லை.

இங்கே ஓர் உண்மையைப் பதிவுசெய்ய வேண்டும். கல்லூரி விடுதியில் முந்நூற்று நாலு என்ற சீட்டு விளையாட்டில் எனக்கு இணையாக எவரும் இருந்ததில்லை. என் மாமனார் பெண் கொடுப்பதற்கு விதித்த ஒரே நிபந்தனை, நான் இனிமேல் கடதாசியைக் கையால் தொடக்கூடாது என்பது. தொடவில்லை. கைத்தொலைபேசியின் கண்ணாடியில் விரல் படுவது அந்த வாக்கியத்துக்குள் அடங்காது என்பது என் நிதானமான முடிவு.

மேசை பன்னிரண்டரைக்குப் பதிவாகியிருந்தது. தொழிற்சாலையின் களஞ்சிய அறையில் வேலை செய்த காலம் முழுவதும் நான் ஒரு நிமிடமேனும் பிந்தியவனல்லன். ஆனால் விருந்து வேறு விடயம். சொன்ன நேரத்துக்குப் போய்க் குந்தினால், சாப்பாட்டுக்காகவே வந்தவர்கள் என்ற தோற்றம் உண்டாகும். எனவே பூசை முடிந்ததும் ஆராவ் பழைய நகரத்தின் வீதிப்பக்கம் நீண்ட கூரைகளின் வர்ணம் தீட்டிய அடிப்பக்கங்களை விருந்தினருக்குக் காட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் நின்று விளக்கம் சொன்னேன். உரையாடல் கெடக்கூடாது என்பதற்காக எல்லாருடைய தொலைபேசிகளையும் அணைத்து வைக்கச் சொன்னேன். மகள் இருமுறை மணிக்கூட்டைப் பார்த்தாள். "அப்பா, இது கலியாண வீடில்லை, ரெஸ்டோரண்ட்" என்றாள். நான் அடுத்த கூரைக்கு நகர்ந்தேன்.

இரண்டு கார்களில் ஆறு பேரும் போய்ச் சேர்ந்தபோது இரண்டுக்குக் கால்மணி இருந்தது.

வாசலில் உணவகத்துக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். மூன்று முறை அழைத்தாளாம், ஒருவரும் எடுக்கவில்லையாம். மேசையை ஒரு மணிவரை வைத்திருந்தாளாம். ஒன்றரைக்குச் சமையலறை பூட்டியாயிற்றாம். வேண்டுமானால் சீஸும் குளிர்ந்த இறைச்சித் துண்டுகளும் தரலாம் என்றாள்.

சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு ஆறின சாப்பாடு. மாப்பிள்ளையின் தாயாருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அவர் தம் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிய ஓசையே போதுமாக இருந்தது.

"ரோஸ்ட் முடிந்துவிட்டதா?" என்று எனக்குத் தெரிந்த மிக மரியாதையான ஜெர்மன் மொழியில் கேட்டேன்.

"ரோஸ்ட் இருக்கிறது. சமையல்காரர்தான் இல்லை."

"எங்கே போனார்?"

அவள் உள்ளே கையை நீட்டினாள். அடுப்போரத்து வட்ட மேசையில் நான்கு ஆண்கள் பச்சைத் துணி விரித்து யாஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாஸ் என்பது இந்நாட்டவருடைய சீட்டு விளையாட்டு. நால்வரில் ஒருவர் வெள்ளைச் சட்டையின் மேற்பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார். அவர்தான் சமையல்காரர், அவளுடைய கணவரும்கூட. சமையலறை பூட்டிய நிமிடத்திலிருந்து அவர் அந்த மேசைக்குச் சொந்தம், நடு ஆட்டத்தில் எழுப்பினால் மற்ற மூவரும் ஒரு கிழமைக்கு முகம் கொடுக்கமாட்டார்கள் என்றாள்.

மூவரில் ஒருவர், தோள்வார் மாட்டிய முதியவர், எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ஆள் ஒன்று தாருங்கள். சமையல்காரரைத் தருகிறோம்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். சமையல்காரர் சிரிக்கவில்லை. அவர் எங்கள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கணக்கெடுப்பதுபோல் பார்த்தார்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாது அங்கிள், சின்னனில இருந்தே அப்பா வீட்டில விடயில்லை" என்றான். அவனுடைய தகப்பனாரைப் பார்த்தேன். அவர் மரக்கூரையை ஆராய்ந்துகொண்டு, தம் மனைவியின் காதில் விழும்படி, "எனக்கு அந்தப் பழக்கமே இல்லை அண்ணை. கடதாசி எண்டால் எது தலை எது வால் எண்டும் தெரியாது" என்றார்.

கடைசியாக என் மனைவியைப் பார்த்தேன். நாற்பது வருடத்து நிபந்தனை அவருடைய கையில் இருந்தது. அவர் ஜன்னலிலிருந்த பூச்சட்டியைச் சற்றுநேரம் பார்த்தார்.

"பசியோட இருந்து சம்பந்தம் கதைக்க ஏலாது" என்றார். "போங்கோ."

நான் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டினேன். கழுத்துப்பட்டியைத் தளர்த்தவில்லை. அப்போதுதான் பகிரப்பட்டிருந்த ஒன்பது சீட்டுகளை என் கையில் வைத்துவிட்டு, சமையல்காரர் மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்போல் எழுந்து சமையலறைக்குப் போனார். சில நிமிடங்களில் அங்கிருந்து வெண்ணெய் உருகும் மணம் வந்தது. மற்ற ஐவரும் ஜன்னலோர மேசையில் அமர்ந்தார்கள். தாய்மார் இருவரும் என்னை நேராகப் பார்க்கக்கூடிய பக்கத்து நாற்காலிகளைத் தெரிவுசெய்ததை நான் கவனித்தேன்.

யாஸ் எனக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. தொழிற்சாலை இடைவேளைகளில் சக ஊழியர்கள் ஆடியதை, முதுகைத் திருப்பி நின்று, காதால் கற்றிருக்கிறேன். அதிலும் எங்கள் முந்நூற்று நாலில் போலவே ஜாக்கும் ஒன்பதும்தான் பெரிய சீட்டுகள் என்பதை அப்போதே அறிந்து வியந்திருக்கிறேன். தோள்வார்க்காரர் என் கூட்டாளி. அவர் ஹார்ட்டைத் துரும்பாக அறிவித்திருந்தார். முதற்சீட்டு நான் இறக்கவேண்டும். கையில் கிளாவர் ஜாக் இருந்தது. விடுதிக் காலத்து முறைப்படி அதை உயர்த்தி, மேசை அதிர அடித்தேன். நாற்பது வருடமாக அந்த ஓசையைக் கேட்காத என் உள்ளங்கைக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்பதை இங்கே விவரிப்பது என் வயதுக்குப் பொருந்தாது.

அடுத்திருந்த சிவப்புச் சட்டைக்காரர் கிளாவர் குயினை இரண்டு விரலால் எடுத்து, மெதுவாக அதன்மேல் வைத்து, மற்ற இருவரும் போட்டதும் சீட்டுகளை வாரிக்கொண்டார். என் கூட்டாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் குயினைப் பார்த்தபடி இருந்தேன். முந்நூற்று நாலில் அப்படி ஒன்று நடந்தால் விடுதியே எழுந்து நின்றிருக்கும்.

அப்போது என் பின்னாலிருந்து, மிகத் தாழ்ந்த குரலில், தமிழ் கேட்டது.

"அண்ணை, இங்க துரும்பு நிறத்தில மட்டும்தான் ஜாக் பெரிசு. மற்ற நிறத்தில குயினுக்குக் கீழ."

திரும்பினேன். மாப்பிள்ளையின் தகப்பனார் கைகளைப் பின்னால் கட்டி, அடுப்பில் குளிர்காய வந்தவர்போல் நின்றார். தலையும் வாலும் தெரியாத மனிதர்.

"ஹார்ட் ஒன்பதை வைச்சிருங்கோ, பிறகு பாப்பம்" என்றார், உதடு அசையாமல். "துரும்பு கேட்டால் ஹார்ட் ஆறைப் போடுங்கோ. சிவப்புச் சட்டையிட்ட ஹார்ட் ஜாக் கிடக்கு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தப் பக்கச் சுவரில ஒரு மாட்டுப் படம் மாட்டியிருக்கு. போய்ப் பாத்தனான். வடிவான மாடு."

சிவப்புச் சட்டைக்காரர் நிமிர்ந்தார். மேசையில் பேச்சு கூடாது, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் அவரை நேராகப் பார்த்து, இந்த ரோஸ்ட் பன்றியா மாடா என்று விருந்தினர் விசாரிக்கிறார் என்றேன். பன்றி என்று அவர் பணிவாகப் பதிலளித்தார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். சம்பந்தியாகவிருந்தவர் மிகுந்த ஆர்வத்தோடு தலையசைத்தார்.

தோள்வார்க்காரர் துரும்பு கேட்டபோது ஆறைப் போட்டேன். சிவப்புச் சட்டைக்காரர் தம் ஜாக்கைச் செலவழித்தார். அதன்பின் என் ஒன்பதுக்கு மேலே எதுவும் இருக்கவில்லை. ஆட்டத்தின் முடிவில் கூட்டாளி சுண்ணக்கட்டியை எடுத்துச் சிறு கரும்பலகையில் எங்கள் பக்கம் நீளமாகக் கோடிழுத்தார். சம்பந்தியாகவிருந்தவர் தம்மை மறந்து, அறை முழுவதற்கும் கேட்கும்படி, "அப்பிடிப் போடுங்கோ" என்றார்.

ஜன்னலோர மேசையில் தண்ணீர்க் கோப்பை ஒன்று ஓசையோடு கீழே வைக்கப்பட்டது.

"இஞ்சேருங்கோ" என்றார் அவருடைய மனைவி. "எது தலை எது வால் எண்டு இப்ப தெரிஞ்சிட்டுதோ?"

"டீவியில காட்டுறவங்கள்தானே. சும்மா பாத்தது."

"ஓம். டீவியில. அப்ப புதன்கிழமை பின்னேரம் தமிழ்ப் பாடசாலைக் கூட்டம் எண்டு போறது?"

"கூட்டமும் நடக்கிறது" என்றார் அவர்.

மாப்பிள்ளை குனிந்து மேசைத்துணியின் ஓரத்தை ஆராய்ந்தான். என் மகள் தண்ணீர்க் கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே இருந்தாள். நானோ, உண்மையைச் சொன்னால், அந்நேரம் மிகவும் இலகுவாக உணர்ந்தேன். என் குற்றம் விருந்தினருக்காகச் செய்தது, மனைவியின் அனுமதியோடு செய்தது, ஒரே ஓர் ஆட்டத்தோடு முடிந்தது. அதன் பக்கத்தில் வருடக்கணக்கான புதன்கிழமைகளை வைத்துப் பார்க்கும்போது, நான் ஏறக்குறைய துறவி. இந்த எண்ணம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்கட இவரும் களவா விளையாடுறவரோ, அக்கா?" என்று மாப்பிள்ளையின் தாயார் என் மனைவியிடம் கேட்டார்.

"போனில" என்றார் என் மனைவி. "குளியலறைக்குள்ள இருந்து. எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

அந்நேரம் பார்த்துச் சமையல்காரர் தட்டுகளோடு வந்தது இறைவனின் கருணை. கைகளைத் துடைத்து, கரும்பலகையைப் பார்த்து, என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுத் தம் நாற்காலியில் அமர்ந்துகொண்டார். நானும் சம்பந்தியாகவிருந்தவரும் ஒருவர்பின் ஒருவராக ஜன்னலோர மேசைக்கு வந்தோம். நான் சிலுவை அடையாளமிட்டேன். அவர் என்னைவிட நீண்டநேரம் கண்மூடியிருந்தார்.

இறைச்சி கத்தி தேவைப்படாத அளவுக்கு மெதுமையாக இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் மசியலின் குழியை உடைக்காமல், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். பாதித் தட்டு முடிந்தபின் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ" என்றார் என்னிடம். "நீங்கள் போனில கதைச்ச நேரம் ஆயர் பிரசங்கம் வைக்கிற மாதிரி இருந்துது. இந்த மனுசரோட எப்பிடி ஒரு நாள் பெருநாளுக்குக் கூட இருந்து சாப்பிடுறது எண்டு எனக்கு ஒரே யோசினை. அதாலதான் ஓம் எண்டு சொல்லாமல் வைச்சிருந்தனான்."

அந்தக் குரலை அமைப்பதற்கு நான் அரை நூற்றாண்டு உழைத்திருக்கிறேன்.

"இப்ப?" என்று கேட்டாள் என் மகள்.

"இப்ப என்ன. ரெண்டு பேரும் ஆளாளுக்கு ஒளிச்சு விளையாடுறதிலும் பாக்க, எங்கட கண்ணுக்கு முன்னால ஒரு மேசையில இருந்து விளையாடட்டும். என்ன அக்கா?"

"எனக்கும் அதுதான் சுகம்" என்றார் என் மனைவி. "போனையும் வாங்கி வைக்கலாம்."

இவ்வாறாக என் மகளின் திருமணம் நிச்சயமாயிற்று. நான் தயார்செய்து வைத்திருந்த ஐந்து நிமிட உரைக்கு இடமே வரவில்லை. இளையவர்கள் இருவரும் மேசைக்குக் கீழே கைகோத்துக்கொண்டதை நான் காணாதவன்போல் இருந்தேன்.

இங்கே ரோஸ்டை இருமுறை பரிமாறுவது வழக்கம். உணவகத்துக்காரி பெரிய தட்டை மறுபடியும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். ஓரத்தில் ஒரு துண்டு நன்றாக முறுகி, கொழுப்புப் பளபளக்க இருந்தது. வந்தது முதல் என் கண் அதன்மேல்தான் இருந்தது. சம்பந்தியார் தலைகுனிந்து தட்டிலிருந்த அவரைக்காய்களை எண்ணிக்கொண்டிருந்தார். வின்டர்தூருக்கு இன்னும் ஒரு மணிநேரப் பயணம் இருந்தது, அதுவும் மனைவியோடு ஒரே காரில். அந்தத் துண்டை எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன்.