ஊசியும் சோப்புக் குமிழியும்

என் மகளுக்கு ஆறு வயது. அவள் உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது. மாதம் தவறாமல் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றியாக வேண்டும், ஆயுசுக்கும். வியாதியைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, ஊசிதான் எமன். பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதுமே என் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். அந்த வலியையாவது குறைக்க வழியில்லையா என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

வார்டு நர்சம்மா மருந்தில்லாத வழிகள் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார். படுக்கவைத்து அமுக்காமல் மடியில் அணைத்து உட்காரவைக்க வேண்டும். ஊசி ஏறும்போது சோப்புக் குமிழி ஊதச் சொல்ல வேண்டும். மூச்சு நீளமாகப் போகும், கவனமும் அங்கே போகும் என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. கடலுக்குப் போகிறவர். கையில் மீன்முள் ஏறினால் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மரத்துப்போக வைப்பதுதான் எங்கள் குப்பத்து வைத்தியம். ஒருநாள் பெட்டி ஐஸை நொறுக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். வார்டு வாசலில் உட்கார்ந்து அவளது இரண்டு கைகளுக்கும் ஒத்தடம் கொடுத்தார். பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. "நைனா, என் கையவே காணோம்!" என்றாள்.

நர்சம்மா கையைத் தொட்டதும் கத்தினார். "இன்னாம்மா பண்ணி வெச்சிகீறீங்க? இவ்ளோ நேரம் ஐஸ் வெச்சா நரம்பு சுருங்கி உள்ள பூந்துக்கும். நான் எங்க போய்த் தேடுறது?"

வெந்நீர்ப் பை வைத்துக் காத்திருந்தும் நரம்பு லேசில் சிக்கவில்லை. அங்கே குத்தி, இங்கே குத்தி, கடைசியில் காலில்தான் கிடைத்தது. பிள்ளை அலறிய அலறல் ஓய்ந்ததும் பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்காரர்மேல் காட்டினேன். அதற்கப்புறம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை.

பிறகு எங்களுக்குக் குமிழிதான் கதி. அவள் ஊதுவாள், ஊசி ஏறும், "வலிக்கலம்மா" என்பாள். ஒவ்வொரு மாதமும் அதே பதில். பாழாய்ப்போன இந்தப் பிழைப்பில் இது ஒன்றாவது விடிந்ததே என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் பக்கத்துக் கட்டிலுக்குப் படாளத்திலிருந்து ஒரு சின்னப் பெண் புதிதாக வந்திருந்தாள். ஊசித் தட்டைப் பார்த்ததும் வீறிட்டாள். என் மகள் எழுந்துபோய்க் குமிழி டப்பாவை அவள் கையில் கொடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரகசியம் பேசத் தெரியாத என் மகள், அவள் காதருகே குனிந்து எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

"இத்த ஊதினாலும் வலிக்கும். ஆனா வலிக்கலன்னு சொல்லிடு. இல்லன்னா உங்கம்மா பாத்ரூம்ல போய் அழுவாங்க."

அன்றிலிருந்து எனக்கு அழக்கூட ஓர் இடம் இல்லை.