வக்கீலம்மாவின் முகம்

தூத்துக்குடியில் வக்கீலாக இருந்தேன். பிறகு ஓட்டுக் கேட்டு ஜெயித்தேன். அதற்கும் பிறகு இலங்கைக்குத் தூதராக அனுப்பினார்கள். மூன்று வேலைக்கும் வாய்தான் மூலதனம். ஆனால் தூதருக்கு அதை மூடி வைக்கத்தான் சம்பளம். எனக்கு அது லேசில் வரவில்லை.

வக்கீல் நாட்களில், வழக்கோடு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பாடம் நடத்துவேன். "நீதிபதி கேட்டா அவசரப்படாதிய. முதல்ல என் மூஞ்சியப் பாருங்க." நான் தலையாட்டினால் 'ஆமா' என்று சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் 'இல்லை'.

அன்று இலங்கையில் ஒரு நீதிமன்றத்தின் பின்வரிசையில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். கூண்டில் எங்கள் ஊர் மீனவர்கள், எல்லை தாண்டிய வழக்கு. ஒப்புக்கொண்டால் எச்சரித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மறுத்தால் விசாரணை முடிகிறவரை சிறை. எங்கள் தூதரக அதிகாரி இதை அவர்களிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், படகோட்டியைத் தவிர. முன்பு ஒரு பொய் வழக்கிலிருந்து நான் மீட்ட மனிதர் அவர்.

"நாங்களா தாண்டலய்யா. இஞ்சின் நின்னு போச்சு. நீவாடு இழுத்துட்டு வந்துட்டு."

கடல் நீரோட்டத்தைத்தான் நீவாடு என்றார். மொழிபெயர்ப்பாளர் மறுபடி கேட்டார்: ஒப்புக்கொள்கிறீரா, இல்லையா? அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவருக்குப் பொய் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் பத்திரிகைக்காரர்கள். தூதரே ஜாடை காட்டிச் சொல்லிக்கொடுத்தார் என்று செய்தி வந்தால் மற்றவர்களின் விடுதலையும் கெட்டுப்போகும். மூக்கு வியர்த்துக் கண்ணாடி நழுவியது. அதைத் தொடக்கூட பயமாக இருந்தது. நான் அங்கே இருக்கிறவரை அவர் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

எழுந்து வெளியே போய்விட்டேன்.

சற்று நேரத்தில் அதிகாரி ஓடிவந்தார். "ஒத்துக்கிட்டார் மேடம். எல்லாருக்கும் விடுதலை." அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

வண்டியில் ஏறும்முன் படகோட்டி என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"உள்ளதத்தான் சொன்னேன் வக்கீலம்மா. நீங்க எந்திச்சுப் போயிட்டிய. நீங்களே நம்பலன்னா பெறவு யாருட்ட சொல்ல? அதான் ஒத்துக்கிட்டேன்."

நம்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு கேமரா எங்கள் பக்கம் திரும்பியது.

"பத்திரமாப் போய்ச் சேருங்க" என்றேன்.