எட்டாத தர்பூசணி

அந்தக் கடையில் சம்பளம் மூக்குக்குத்தான். கையும் காலும் மூக்கோடு சும்மா கூட வந்தவை.

பெரிய மாலின் மூன்றாம் மாடியில், தியேட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது அந்த வாள் விளையாட்டுக் கடை. வருகிறவன் கண்ணையும் காதையும் சேர்த்து மூடுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொள்வான். கைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பிடி. கண்ணாடிக்குள் பார்த்தால் அது வாள். எதிரே தர்பூசணியும் பூசணியும் அன்னாசியும் பறந்து வரும். பாட்டின் தாளத்துக்கு வெட்டித் தள்ள வேண்டும். உள்ளே இருப்பவனுக்குத் தான் பெரிய மாவீரன் என்று நினைப்பு. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு, தேனீக்கூட்டில் தலையை விட்டுவிட்டுத் தவிக்கிறவன்.

ஆட்டம் முடிந்து கழற்றும்போது, முகத்தில் படுகிற ஸ்பாஞ்ச் பிழிந்தால் சொட்டும். அதைப் பிய்த்தெடுத்து, மருந்துத் தண்ணீர் அடித்து, ஃபேனில் காயவைத்து, கடைசியில் மோந்து பார்க்க வேண்டும். நாற்றம் போயிருந்தால்தான் அடுத்தவன் முகத்துக்கு. மோந்து பார்க்கிற வேலை அவளுடையது. அதனால் கடையில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும்.

இதற்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சலவையில் இருந்தவள். அங்கே வந்த துணியெல்லாம் நோயாளிகளுடையது, அதனால் மன்னித்துவிடலாம். இங்கே வருகிறவர்கள் நல்ல ஆரோக்கியமானவர்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து ஒரு வாரம் குளிக்காதவன், சென்ட்டை ஊற்றிக்கொண்டு பல் தேய்க்காமல் வந்தவன், பவுடர் மேல் பவுடர் பூசி அது வியர்வையில் கஞ்சியாக வழிந்தவள். ஒருத்தன் கண்ணாடிக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "சூப்பர் கேம்க்கா, அஞ்சு ஸ்டார்" என்றான். அந்த ஸ்பாஞ்சை அவள் இடுக்கியால் பிடித்துக் குப்பையில் போட்டாள். இடுக்கியையும் கூடவே போட்டாள்.

முதலாளிக்கு ஸ்டார் பைத்தியம். ஆடினவர்கள் கண்ணாடியைக் கழற்றினதும் ஓடிவிடுகிறார்கள், அபிப்பிராயம் சொல்வதில்லை என்று ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்டம் முடிந்ததும் கழற்ற விடக்கூடாது. கண்ணாடிக்குள்ளேயே ஒரு பெண் குரல் மூன்று கேள்வி கேட்கும். எப்படி இருந்தது? எதை மாற்றலாம்? யாரிடம் சொல்வீர்கள்? கண் மறைந்து காது அடைத்து நிற்கிறவன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திப் பதில் சொல்வான். பக்கத்தில் நிற்கிற மூக்கக்கா அதைக் கேட்டு, கையில் உள்ள தொடுதிரை டேப்பில் ஸ்டாரை அழுத்த வேண்டும்.

அப்படி அவள் கேட்ட அபிப்பிராயங்களை மூட்டை கட்டினால் முனிசிபாலிட்டி லாரி கூட ஏற்றிக்கொள்ளாது.

"ரத்தமே வரல! பூசணிக்குள்ள ரத்தம் வச்சா என்ன?" என்று பால்பல் விழாத பையன் ஒருவன்.

"தர்பூசணிக்குப் பதிலா எங்க மாமியார் போட்டோ போட முடியுமா?" என்று ஒரு குண்டு அக்கா. பின்னால் சோபாவில் அந்த மாமியாரே பாப்கார்ன் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் ஆளு முன்னாடி தோக்க வச்சிட்டீங்க. ஒரு ஸ்டார்தான்!"

"வாள் கனமாவே இல்ல. நான் நிஜ வாளெல்லாம் பிடிச்சவன்." நிஜத்தில் அவன் பிடித்தது மாலின் வாசலில் பார்க்கிங் டோக்கன் இயந்திரத்தை.

மூக்கக்கா ஒவ்வொன்றையும் முகத்தைச் சுளித்தபடி அழுத்துவாள். வீட்டுக்குப் போய்ச் சோறு போடும்போது அத்தனையும் புருஷன் தலையில் கொட்டுவாள்.

"பன்னிங்க. குளிக்காம வந்து காத்துல கத்தி வீசுற பன்னிங்க. அதுக்கு ஒரு கருத்து வேற. அந்தக் கண்ணாடிய மாட்டுறவன் எவனா இருந்தாலும் நான் மனுஷன்னு ஒத்துக்க மாட்டேன்."

"ம்" என்பார் பெயிண்டர்.

சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர் அவர். ஏணி சறுக்கி விழுந்ததில் வலது தோள்பட்டை உடைந்து, எலும்பு கூடிய பிறகும் தோள் இறுகிப்போய் நின்றுவிட்டது. கை மார்புக்கு மேல் எழும்பாது. டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். இரண்டு நாள் செய்துவிட்டு, "உயிர் போகுதும்மா" என்று படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தண்ணீர் கேனைப் படியேற்றுவது அவள், அவர் முதுகு தேய்ப்பது அவள், காலையில் சட்டைப் பட்டன் போட்டுவிடுவதும் அவள்தான். கல்யாணமான புதிதில் அவரிடம் தின்னர் வாசனை வரும். அந்த வாசனைக்காகவே அவர் சட்டையை ஒரு நாள் தள்ளித் துவைத்தவள் அவள். இப்போது வருவது தைலம். விடியும் முன்னே தடவி, அதன் மேல் தடவி, அது வியர்வையோடு புளித்து, பூண்டும் கற்பூரமும் செத்த எலியும் சேர்ந்தது போல ஒரு வாடை. இருபத்து நாலு மணி நேரமும் நாற்றத்திலேயே பிழைப்பு என்று அவள் நொந்துகொள்வாள்.

அவளுக்கு மதிய ஷிஃப்ட். காலையில் கடையைத் திறப்பது பபிள்கம். எந்நேரமும் மெல்லுகிற பத்தொன்பது வயசுப் பெண். ஒரு மதியம் மூக்கக்கா வந்தபோது, காலை ஸ்பாஞ்ச் ஒன்று கழுவாமல் கொக்கியில் தொங்கியது. எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோகக்கூட வேண்டியிருக்கவில்லை.

பூண்டு. கற்பூரம். செத்த எலி.

ஊரில் எத்தனையோ பேர் தைலம் தடவலாம். ஆனால் இந்த எலி அவள் வீட்டு எலி.

"இங்க வாடி."

பபிள்கம் வாயசைப்பதை நிறுத்தினாள்.

"இது யாரோடது?"

"டெஸ்ட் ஆட்டம்க்கா. காலையில மிஷினை ஓட்டிப் பாக்கணும்ல, அதுக்கு..."

"யாருன்னு கேட்டேன்."

"திட்ட மாட்டீங்களே?"

"திட்டுவேன். சொல்லு."

"மாமாதான்க்கா. அன்னிக்கு நீங்க மறந்து வச்சிட்டுப் போன டிபன் பாக்ஸை எடுக்க வந்தாருல்ல? டெஸ்ட் ஆட்டத்துக்கு ஆள் இல்லன்னு நான்தான் மாட்டிவிட்டேன். அதுலேர்ந்து தினமும் வர்றாரு. அக்காகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

மூக்கக்கா அந்த ஸ்பாஞ்சைப் பிடித்தபடியே நின்றாள். கை எழும்பாதவர் வாள் வீசுகிறார். முதுகு தேய்க்க ஆள் வேண்டும், பட்டன் போட ஆள் வேண்டும், தர்பூசணி வெட்ட மட்டும் தெம்பு இருக்கிறது. இத்தனை நாள் முட்டி தேயத் தண்ணீர் கேன் தூக்கியதை நினைத்தாள். வாந்தி எடுத்தவன் ஸ்பாஞ்சை எடுத்தபோதுகூட அவளுக்கு இப்படிக் குமட்டவில்லை.

வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்புவார். கண்ணால் பார்த்துவிட வேண்டும். கை தூக்குகிறாரா, இல்லையா? தூக்கினால் அப்படியே நேராக அக்கா வீட்டுக்குப் போய்விடுவது. பட்டனை அவர் வாளாலேயே போட்டுக்கொள்ளட்டும். பையில் இரண்டு புடவையை மடித்துவைத்தும்விட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போலச் சட்டையைப் பிடித்து நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டன் போட்டாள்.

"டீ குடிச்சிட்டு வந்துடுறேன்மா."

"குடிச்சிட்டு வாங்க. நிதானமா."

அவர் தெருமுனை திரும்பியதும் அவள் பையோடு ஷேர் ஆட்டோ பிடித்து, அவருக்கு முன்னே கடைக்குப் போய், ஸ்பாஞ்ச் காயவைக்கிற திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பபிள்கம் மெல்லவே மறந்துபோனாள்.

பெயிண்டர் வந்தார். யாருக்கும் தெரியாமல் பழம் திருட வந்தவர் போல இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணாடி தலையில் ஏறியதும் மூக்கக்கா திரையை விலக்கிக்கொண்டு அவருக்கு நேர் எதிரே வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். இனி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் கேட்காது.

ஆட்டம் தொடங்கியது.

உள்ளே தெரிவதை வெளியே காட்டுகிற பெரிய டிவியில் பழங்கள் பறந்தன. பெயிண்டர் இடது கையால் இரண்டை வெட்டினார். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கையை மட்டும் எடுத்தார். அது மார்பு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பழங்களெல்லாம் தலைக்கு மேலே ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் பல்லைக் கடித்து, உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து, கையை மேலே தள்ளினார். ஒரு சாண். கண்ணாடிக்குக் கீழே தாடை நடுங்கியது. மூக்கு ஒழுகியது. "அம்மா" என்று ஒரு முனகல். கை விழுந்தது. மறுபடி தூக்கினார். ஒரு தர்பூசணி அவர் நெற்றிக்கு மேலே நின்று பல்லைக் காட்டிவிட்டுப் போனது.

ஆட்டம் முடிந்தது. மதிப்பெண் முட்டை. எச்சிலும் சளியும் மோவாயில் வழிய, அருவருப்பாகத்தான் நின்றார் மனுஷன். டெஸ்ட் ஆட்டத்துக்கும் அந்தப் பெண் குரல் கேள்வி கேட்கும். கடை ஆட்கள் ஆடினால் பதில் சொல்லாமல் கழற்றிவிடுவார்கள். பெயிண்டர் பதில் சொன்னார். அவர் அபிப்பிராயத்தை வேறு யாரும் கேட்பதில்லை.

"எப்படி இருந்துச்சா? கேவலமா இருந்துச்சு!" என்று முழங்கினார். "தினமும்தான் சொல்றேன்!"

கேள்விக்குக் காத்திருந்தார்.

"எதை மாத்தணுமா? பழத்தைக் கொஞ்சம் கீழ அனுப்புங்கம்மா. எல்லாம் ஆகாயத்துல போனா நான் எப்படி வெட்டுறது? டாக்டர் சொன்ன பயிற்சி சுவரைப் பாத்துப் பண்றது. வேலையிலயும் சுவரு, வலியிலயும் சுவரான்னு விட்டுட்டேன். இங்கயாவது பழம் வருதேன்னு வந்தா, அது எனக்குப் பழிப்புக் காட்டுது."

பபிள்கம் மூக்கக்காவைப் பார்த்தாள். மூக்கக்கா டேப்பைப் பார்த்தாள்.

"யார்கிட்ட சொல்வேனா?" பெயிண்டர் சிரித்தார். "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். எங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். இந்தக் கண்ணாடி போட்டவனெல்லாம் அவளுக்குப் பன்னி." காது அடைத்திருந்ததால் அடுத்ததையும் அதே சத்தத்தில்தான் சொன்னார். "காலையில எனக்குப் பட்டன் போட்டு விடுவாம்மா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போடுவா. அஞ்சு பட்டனும் முடிஞ்சு அந்தப் பக்கம் போய்த்தான் மூச்சு விடுவா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கா. அவ மூக்கு பாவம், ஊர் நாத்தத்தையெல்லாம் அதுல வாங்குது, வீட்டுலயும் நானான்னு... அந்த அஞ்சு பட்டனை நானே போட்டுக்கிட்டாப் போதும். அவ்வளவுதான். ஸ்டாரெல்லாம் கிடையாது, போ."

மூக்கக்கா திரைக்குப் பின்னால் போனாள். பபிள்கம் கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்ன மாமா, இன்னிக்கும் முட்டையா?"

"முட்டைதான். அவிச்சுத் தின்னு."

அவர் போன பிறகு மூக்கக்கா வெகுநேரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் கெட்டுப்போன எதையோ கடித்தவள் போல இருந்தது. திட்டு வரும் என்று பபிள்கம் தள்ளியே நின்றாள்.

"ஏன்டி."

"சொல்லுங்கக்கா."

"ஆளுக்கு ஆள் டேப்புல உயரம் போடணும்ல, பழம் அதுக்கேத்த மாதிரி பறக்க? மாமாவுக்கு என்ன போடுற?"

"டெஸ்ட் ஆட்டம்தானேக்கா. ராத்திரி கடைசியா ஆடினவன் உயரம் அப்படியே கிடக்கும்."

"நேத்து கடைசியா ஆடினது யாரு?"

பபிள்கம் டேப்பைத் திருப்பிக் காட்டினாள். "தினமும் கடை மூடுற நேரத்துக்கு வர்ற அந்தப் பாஸ்கெட்பால் கோச்சுதான்."

"ஒட்டகச்சிவிங்கி! அவன் தலைக்கு மேல போற பழத்தை இந்த மனுஷன் எட்டணுமா? சோம்பேறிக் கழுதை! தினம் ராட்சசன் உயரத்துல பழத்தைப் பறக்கவிட்டுட்டு, அவிச்சுத் தின்னுன்னா சிரிக்கிறியா?" என்று பிடித்துக்கொண்டாள். வாங்கிக் கட்டிக்கொள்வதில் பபிள்கத்துக்கு நிம்மதியாகவே இருந்தது. கடைசியில் மூக்கக்கா டேப்பைப் பிடுங்கி, பால்பல் பையனின் உயரத்தைத் தேடிப் போட்டாள்.

"நாளைக்கு இதுல ஓட்டு. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு விரல் ஏத்து. நான் வந்தேன்னு சொன்ன, உன் பபிள்கத்தை உன் தலையிலயே ஒட்டுவேன்."

மடித்த புடவைகள் அன்று மாலை பெட்டிக்குத் திரும்பின.

மறுநாள் காலை பெயிண்டர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தைலம் முன்னைவிடத் தாராளமாக இருந்தது. அவள் முதல் பட்டனைப் பிடித்தாள். மூக்கு நிறைய மூச்சை இழுத்தாள். பூண்டு, கற்பூரம், எலி எல்லாம் வரிசையாக உள்ளே போயின. கண்ணில் தண்ணீர் வந்தது. விட்டாள். மறுபடி இழுத்தாள். அவர் அவள் உச்சந்தலையையே பார்த்தபடி அசையாமல் நின்றார். ஐந்து பட்டனும் முடிந்தது.

"நாறுதாம்மா?"

"சாக்கடை மாதிரி நாறுது. நேரா நில்லுங்க, காலர் மடிஞ்சிருக்கு."

பழங்கள் கீழே வந்தன. பெயிண்டர் வெட்டினார். தினமும் ஒரு விரல் உயர்ந்தன. அவரும் கத்திக்கொண்டே கையை உயர்த்தினார். ஒரு காலையில், அவள் கையைத் தட்டிவிட்டு மூன்று பட்டன் தானே போட்டுக்கொண்டார். ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். சட்டை ஒரு பக்கம் தொங்கியது. அவள் பார்த்தாள். நாள் முழுக்க அப்படியே ஊர் சுற்றட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றும் அவள் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். ஆட்டம் முடிந்து, பெயிண்டர் வியர்வையில் குளித்து, தொங்கலான சட்டையோடு அந்தப் பெண் குரலுக்குப் பதில் கத்தினார்.

"எப்படி இருந்துச்சா? மோசம்! ஒரு நாள் எட்டுற இடத்துல வருது, நம்பி மறுநாள் வந்தா ஒரு விரல் மேல போயிடுது. எவளோ ஒரு ராட்சசி பின்னாடி உக்காந்து ஏத்திக்கிட்டே இருக்கா. என் உயிரை எடுக்கன்னே! ஒரு ஸ்டார். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

பபிள்கம் வாயைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, டேப்பை வாங்கி, சொன்னபடி ஒரே ஒரு ஸ்டாரை அழுத்தியது. பிறகு உயரத்தை ஒரு விரல் ஏற்றியது.