முதல் செம்புத் தண்ணீர்

வேலம்மாக்காவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் என் நாத்தனார் நவமணியின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. வரட்டும். ஒருத்தி என்னை உயிரோடு குழியில் தள்ளி மண்ணைப் போடப் பார்த்தவள். இன்னொருத்தி தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவள். நன்றியும் பகையும் எனக்கு ஒரே அடுப்பில்தான் வெந்தன. தனித்தனியாக எடுத்து வைக்க எனக்குத் தெரியாது.

கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீடு வேலம்மாக்காவுடையது. ஆள் குள்ளம். குரல் மட்டும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கிளம்பினால் பாக்டரி வரைக்கும் போகும். எந்தக் காலத்திலோ ஊருக்குப் போன துரை விட்டுச் சென்ற கம்பளிச் சட்டையை, கையை நாலு மடிப்பு மடித்துச் சேலைக்கு மேல் போட்டிருப்பார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத நேரத்தில், புருஷன் மாடசாமி மழையில் ரோட்டு மண்ணை வெட்டப் போய், மேலேயிருந்து சரிந்த மண்ணில் புதைந்து போனார். பிள்ளை இல்லை. காரியம் முடிந்த மறுநாளே அக்கா கூடையோடு பெரட்டில் நின்றாராம். யாரோ என்னவோ சொன்னதற்கு, “நான் அழுதா கொழுந்து முத்தாம நிக்குமா லா?” என்று கேட்டாராம். இதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் நான் கேள்விப்பட்டேன். அக்கா தன் கதையைத் தானே சொன்னதில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் எனக்கு இரண்டாவது பிரசவம். ஆண் பிள்ளை. அழாமலே பிறந்து, அழாமலே போய்விட்டான். எனக்கும் அழுகை வரவில்லை. சோறு மண் மாதிரி இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். தலை வாரவில்லை, குளிக்கவில்லை, ஐந்து வயது மகள் புஷ்பலீலா வந்து தோளைப் பிடித்து ஆட்டினாலும் யாரையோ ஆட்டுவது போலிருந்தது. என் வீட்டுக்காரர் சிவசாமி வாசலில் நின்று பார்ப்பார், பிறகு பாக்டரிக்குப் போய்விடுவார். கடைசியில் கம்போங் ராஜாவில் இருக்கும் தன் அக்கா நவமணிக்குச் சொல்லியனுப்பினார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

நவமணி ஒரு பூசாரியோடு வந்து இறங்கினாள். பேய் பிடித்திருக்கிறதாம். வேப்பிலைக் கொத்தால் முதுகிலும் முகத்திலும் அடித்தார்கள். ‘நீ யார், எந்த மரத்திலிருந்து வந்தாய்’ என்று கேட்டார்கள். இல்லாத பேய் என்ன பதில் சொல்லும்? பூசாரி களைத்துப் போனதும் நவமணி வாசலுக்கு வந்து, லயம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

“இது பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. முழுப் பைத்தியம். இவள தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்தி உட்டுட்டு நீ வேற ஒருத்தியப் பாருடா தம்பி. இந்தப் பைத்தியத்துக்கிட்ட பிள்ளய விட்டு வைக்க மாட்டேன்.”

ஈப்போ பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரியை ஊர்ப் பெயராலேயே சொல்வது எங்கள் வழக்கம். அந்தப் பெயரைக் கேட்டால் தோட்டத்தில் வாயாடிகள்கூட அடங்கிவிடுவார்கள். லீலா கத்தக் கத்த, நவமணி அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு எழுந்திருக்க உடம்பு வரவில்லை. அதைக்கூட அந்தப் பாவி எப்படிச் சொல்லித் திரிந்தாள் தெரியுமா? “பெத்தவளுக்கே பிள்ள வேணாமாம்.”

மறுநாள் விடியும்போது வேலம்மாக்கா வந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

“எந்திரிடி வடிவு.”

“முடியலக்கா.”

“முடியலன்னு வாயத் தொறந்து சொன்னியே, அது போதும். டிரஸ்ஸர்கிட்ட போவோம்.”

தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் பழனியப்பன் ஐயா என் கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார், முகத்திலிருந்த கீறலையும் பார்த்தார். “இத எவன் செஞ்சான்? ஒடம்புக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இது மனசுக்கு வர்ற சீக்கு, வேலம்மா. மருந்து இருக்கு. நாளாவும், ஆனா சரியாப் போயிரும்” என்றார். அன்றைக்கே டவுன் டாக்டருக்குச் சொல்லி ஏற்பாடு செய்தார். முட்டைக்கோஸ் ஏற்றிய லோரியில், அக்காவின் மடியில் தலை வைத்துத் தானா ராத்தா டவுனுக்குப் போனேன். அதற்குப் பிறகும் தவணை தவறாமல் அவர்தான் கூட்டிப்போனார். மாத்திரையைக் கையில் கொடுக்க மாட்டார். வாயில் போட்டு, “நாக்கத் தூக்கு, முழுங்கிட்டியா பாப்போம்” என்று விரலை விட்டுப் பார்ப்பார். வெற்றிலை வாசனை அடிக்கும் அந்த விரலுக்கு நான் கோயில் கட்ட வேண்டும்.

வேலைக்கு வராதவளுக்கு லயத்தில் வீடு கிடையாது. அதனால் அக்கா என்னைத் தன் பக்கத்து நிரையில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் தன் கூடைக்கு ஒரு பிடி, என் கூடைக்கு ஒரு பிடி என்று பறித்துப் போடுவார். “இது என்ன ஆஸ்பத்திரியா?” என்று கங்காணி ஒருநாள் கத்தினார். “ரெண்டு கூடையும் ரொம்பி வருதா இல்லியா? அப்புறம் ஏன்யா ஒனக்கு வயித்தெரிச்சல்?” என்றார் அக்கா. கங்காணி அதோடு எங்கள் நிரைப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்.

மாதங்கள் போயின. ஒரு தூறல் நாளில், ஏன் கேட்டேன் என்றே தெரியாமல், “லீலாவுக்கு யாருக்கா தல வாரி உடுவா?” என்றேன்.

“வார்றதுக்கு முடி எங்க இருக்கு? பேனுன்னு சொல்லி மொட்ட போட்டுட்டாளாம் ஒன் நாத்தனா.”

“எம் பிள்ள தலயில கைய வைக்க அவ யாரு? என்னயக் கேக்காம அவ எப்படிச் செரைக்கலாம்?” என்று கத்தினேன். சுற்றியிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கொழுந்தைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்.

“கோவம் வந்துருச்சு! இனிமே பொழச்சிக்குவ, போ!”

அப்படித்தான் எனக்கு உயிர் திரும்பியது. சிரிப்பு பின்னால் வந்தது, பசி அதற்கும் பின்னால். முதலில் வந்தது கோபம்தான். அதை நான் இன்றுவரை விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கம்போங் ராஜாவுக்குப் போனோம். நவமணியின் புருஷனுக்கு அங்கே காய்கறி மொத்தக் கடை. லோரிக்காரர்களும் தோட்டக்காரச் சீனர்களும் நிற்கிற நேரம். அக்கா கடை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அடியே நவமணி! பிள்ளயக் குடுக்கிறியா, இல்ல நான் ஒன் வண்டவாளத்த மொதல்லேருந்து எடுத்து உடட்டுமா?”

இரண்டாவது தடவை கத்த வேண்டியிருக்கவில்லை. அவள் புருஷனே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். லீலா என்னைப் பார்த்ததும் அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “மாமா, அம்மா என்னயக் கொன்னுருமா?” என்று கேட்டாள். நவமணி அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். பிள்ளை என்னிடம் பயமில்லாமல் படுத்துத் தூங்க எத்தனையோ நாளாயிற்று. ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டேன்: இருடி நவமணி, உனக்கு ஒரு நாள் வரும்.

வந்தது. எண்பத்து மூன்றில் லீலா பெரியவளானாள். எங்கள் லயத்தில் சடங்கன்று பெண்ணை மணையில் உட்கார வைத்து, முதல் செம்பு மஞ்சள் தண்ணீரை அத்தைதான் தலையில் ஊற்ற வேண்டும். பிறகு மற்றச் சுமங்கலிகள். தாலியறுத்தவர்கள் பந்தலுக்குள் தலைகாட்ட மாட்டார்கள். பின்னால் அடுப்போடு நின்றுகொள்வார்கள்.

நானே போய் நவமணிக்கு முதல் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். சிவசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “பழசெல்லாம் மறந்துட்ட, வடிவு” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நவமணி காரில் வந்து இறங்கினாள். பட்டுச்சேலை, சங்கிலி, தட்டுத் தட்டாகச் சீர். எல்லாரும் வழிவிட்டார்கள். சேலையை இழுத்துச் செருகி, செம்பில் தண்ணீர் மொண்டு, மணைக்குப் பக்கத்தில் வந்தாள். அவள் கையைப் பிடித்தேன்.

“கொஞ்சம் இருங்க அண்ணி. வேலம்மாக்கா! இங்க வாங்க!”

அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். “என்னடி, உப்பு பத்தலியா?”

“மொதச் செம்பு நீங்க ஊத்துங்கக்கா.”

நவமணிக்கு முகம் கறுத்தது. “அறுத்தவளயா? ஒனக்கு இன்னும் புத்தி தெளியலியா? பொண்ணு வாழ வேணாமா?”

“தெளிஞ்சிருச்சு அண்ணி, நல்லாத் தெளிஞ்சிருச்சு. தெளிய வச்சவங்களத்தான் கூப்புடுறேன். நீங்க எம் பிள்ளயத் தூக்கிட்டுப் போனப்ப, இவங்கதான் எனக்குக் கஞ்சி ஊட்டுனாங்க, மருந்து குடுத்தாங்க, எனக்கும் சேத்துக் கொழுந்து எடுத்தாங்க. அந்தா டிரஸ்ஸர் ஐயா ஒக்காந்திருக்காரு, கேளுங்க. இவங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் செத்துருப்பேன். இன்னிக்கு அத்தன பேர் முன்னாலயும் சொல்றேன்.”

சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. ஆனால் அக்கா நகரவில்லை.

“ஒன் சண்டைக்கு எங் கைதானா கெடச்சிச்சு? பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கடி போயி முட்டிக்குவேன்? என்னால முடியாது.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நவமணியின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வீம்பு தலைக்கேறியது. செம்பைப் பிடுங்கி அண்டாவுக்குள் போட்டேன்.

“அப்ப யாரும் ஊத்த வேணாம். எம் பொண்ணு இப்படியே ஒக்காந்திருக்கட்டும்.”

மலைப்பனி இறங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய சேலையில் லீலாவுக்குப் பல் தந்தியடித்தது. சிவசாமி, “வடிவு, வேணாம்” என்று கெஞ்சினார். நான் அசையவில்லை. அக்கா பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கரண்டியை வீசி எறிந்தார்.

“கிறுக்கு முண்டங்களா! குளுருல பிள்ளய ஒக்கார வச்சிட்டு ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறீங்களா?” விடுவிடுவென்று வந்து அண்டாவில் கை விட்டார். “பச்சத் தண்ணிடி இது! சுடுதண்ணி கொண்டாங்கடி!” கலந்து, சூடு பார்த்து, செம்பை மொண்டார். “மாரியாத்தா, என் ராசி இதுக்கு ஒட்டக் கூடாது” என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். என் மகள் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி வாங்கிக்கொண்டாள்.

டிரஸ்ஸர் சம்சாரம் எழுந்து இரண்டாவது செம்பை ஊற்றினார். பிறகு லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நவமணி போகவும் முடியாமல் நின்றாள். ஊற்றாமல் போனால் ஏன் என்று மலை முழுக்கக் கேட்பார்களே! எல்லாரும் முடித்த பிறகு, செம்பை நிறைத்து நானே அவள் கையில் கொடுத்தேன்.

“வாங்க அண்ணி. இப்ப நீங்க.”

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். லீலா மணையை விட்டு எழுந்துவிட்டாள்.

“அத்த இன்னும் ஊத்தலியேம்மா” என்றார் சிவசாமி பதறிப்போய்.

“ஊத்த வேண்டியவங்க ஊத்திட்டாங்கப்பா” என்று சொல்லிவிட்டு, என் மகள் ஈரத்தோடு வேலம்மாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை. நவமணி நிறைந்த செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் பந்தல் நடுவில் நின்றாள். நான் நகரவேயில்லை. அவள் எதிரில் நின்று கண் குளிரப் பார்த்தேன்.